வக்கீல் பேசிய பதினோரு நிமிஷம்

வகுப்பில் அவளுக்குப் பெயர் வக்கீல். ஆறாம் வகுப்பில் ஒட்டிக்கொண்டது. கணக்கு சார் ஒரு விடையைத் தப்பென்று அடித்துவிட, அது சரிதான் என்று நிரூபிக்க இரண்டு நாள் அவர் பின்னாலேயே அலைந்தாள். கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆளை விடு தாயே, அரை மார்க் வச்சுக்கோ" என்றார். பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது. வீட்டில்கூட அப்பா கடையை மூடிக்கொண்டு வந்ததும், "வக்கீலம்மா இன்னைக்கு எந்தக் கேஸ்ல ஜெயிச்சாங்க?" என்றுதான் கேட்பார்.

அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கடை. அம்மா ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பாள். காலையிலிருந்து மாலைவரை காலர் மட்டும்தான். முழுச் சட்டை எப்படித் தைப்பதென்றே மறந்துபோச்சு என்று சொல்லிச் சிரிப்பாள்.

வம்பு ஆரம்பித்தது ஒரு வாக்கெடுப்பில்.

இலக்கிய டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. பருவத்துக்கு ஒரு புத்தகம், பாடத்திட்டத்துக்கு வெளியே, வகுப்பே சேர்ந்து தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் மேசைமேல் மூன்று புத்தகங்களை வைத்தார். ஒன்று தலையணை மாதிரி தடிமன். அதை வைத்து எடுத்த தொடர் அப்போது எல்லோருடைய போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று கடல் பயணம். மூன்றாவது நூறு பக்கம்கூட இல்லாத மெலிந்த நாவல். தடிப் புத்தகத்துக்கு முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொன்பது கை உயர்ந்தது.

வக்கீல் எழுந்தாள். "கை தூக்கினவங்கள்ல எத்தனை பேர் முதல் பக்கத்தையாவது பார்த்தீங்க?"

ஒரு கைகூட உயரவில்லை.

"அப்புறம் எப்படி இது நம்ம ஓட்டு? டிரெய்லர் பார்த்துட்டுக் கை தூக்கியிருக்கோம். நமக்குப் பதிலா நம்ம போன்தான் கை தூக்கியிருக்கு."

பின் பெஞ்சில் ஒருவன், "அப்போ போனுக்கும் அட்டெண்டன்ஸ் போடுங்க டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டு விடவில்லை. மூன்றிலும் முதல் பத்துப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தார். படித்துவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டுப் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை மெலிந்த நாவல் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது.

ஆக, அந்தப் புத்தகம் வகுப்புக்குள் வந்ததே அவளால்தான். படித்து முடித்ததும் அதை எல்லோரையும்விட அதிகமாக வெறுத்தவளும் அவள்தான்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை அது. இரண்டு பிள்ளைகள். கணவன் அடிப்பவனோ குடிப்பவனோ இல்லை. ஒருநாள் காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பிவிட்டு, கவுண்டருக்குப் போய், தனக்கே ஒரு டிக்கெட் கிழித்துக்கொண்டு படகில் ஏறிப் போய்விடுகிறாள். ஏன் என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. திரும்பியும் வருவதில்லை.

"இதை எழுதினவங்களுக்கு மனசாட்சியே இல்லை" என்று ஆரம்பித்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள் வக்கீல். இப்படிப்பட்டவளை எப்படி மன்னிப்பது என்று கேட்டு முடித்திருந்தாள். டீச்சர் அடியில் சிவப்பு மையில் எழுதினார்: "மன்னிக்கச் சொல்லவில்லை. படிக்கத்தான் சொன்னேன். அருமையாக எழுதியிருக்கிறாய்." பக்கத்தில் முழு மதிப்பெண்.

அந்த மாதக் கடைசியில் பள்ளி நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்தன. அதைப் படமெடுக்கத் தலைமையாசிரியையே சேனல்காரரை அழைத்திருந்தார். சேனல்காரர் முன்பு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது போனில் ஊர்ச் செய்தி சேனல் நடத்துகிறார், நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். அலமாரிகளை இரண்டு நிமிஷத்தில் எடுத்து முடித்துவிட்டு, "நல்லாப் பேசுற பிள்ளை யாராவது இருக்கா?" என்று கேட்டார். எல்லா விரலும் வக்கீல் பக்கம் நீண்டது.

பதினோரு நிமிஷம் பேசினாள். டீச்சர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இதற்குமுன் இவ்வளவு நேரம் யாரும் அவளை இடைமறிக்காமல் பேசவிட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் பேசினாள். நடுவில் அவள் சொன்னது இது:

"அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ரெண்டு நாள் தூக்கம் வரலை. எங்க அம்மாவைப் பார்த்தாலே பயமா இருந்துச்சு. அதனாலதான் அது நல்ல புத்தகம்னு நினைக்கிறேன். பிடிக்கலைன்னு சொல்ல எங்க டீச்சர் விட்டாங்க. பிடிக்கலைன்னு எழுதினதுக்கு முழு மார்க் போட்டாங்க. நாம எதைப் படிக்கணும், எதுக்குக் கோபப்படணும்னு இப்போ போன்தான் முடிவு பண்ணுது. அதுதான் எனக்குப் பயம்."

சேனல்காரர் தலையாட்டி ரசித்தார். "பிரமாதம்மா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அப்பா கடையில் ஒருவருடைய போனுக்கு ஸ்பீக்கர் மாற்றிக்கொண்டிருந்தார். மாற்றிவிட்டுச் சத்தம் வருகிறதா என்று பார்க்க, திரையில் ஏற்கெனவே திறந்திருந்ததை ஓடவிட்டார். மகளின் குரல் கேட்டது.

"பிடிக்கவே இல்லை. ரெண்டு நாள் தூக்கம் வரலை. எங்க அம்மாவைப் பார்த்தாலே பயமா இருந்துச்சு." ஒரு சின்ன வெட்டு. "எங்க டீச்சர்..." இன்னொரு வெட்டு. "அதுதான் எனக்குப் பயம்."

முப்பத்தொரு நொடி. கீழே சிவப்பு எழுத்தில்: பிள்ளைகளை விட்டு ஓடும் தாயைப் பாடமாக்கும் டீச்சர், கதறும் மாணவி.

போனுக்குச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்து, "காலையிலேர்ந்து எல்லா குரூப்லயும் இதுதான் அண்ணே. பாவம் அந்தப் பிள்ளை" என்றார். அப்பா ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்தார். "சத்தம் சரியா இருக்கு, எடுத்துக்குங்க" என்றார்.

திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் வக்கீல் மறுநாள் தெருவில் இறங்கினாள். ஒரு திட்டும் விழவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "தைரியமான பொண்ணு" என்று முன்சீட்டில் இருந்தவரிடம் காட்டினார். முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கன்னத்தைத் தொட்டு, "கவலைப்படாதே கண்ணு, அவளைச் சும்மா விடமாட்டோம்" என்றாள்.

"யாரை?" என்று கேட்டாள் வக்கீல்.

அந்தப் பெண் சிரித்தாள். அவ்வளவுதான்.

"நான் அப்படிச் சொல்லலை" என்று பஸ்ஸுக்குள்ளேயே ஆரம்பித்தாள். கண்டக்டர் கையமர்த்தினார். "தெரியும்மா. உன்னை இப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. நாங்க புரிஞ்சுக்குவோம்." வக்கீல் பள்ளிக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். ஒரு வாதத்தைப் பாதியில் விட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் யாரோ டீச்சர் வீட்டு கேட்டைப் படமெடுத்து அந்த வீடியோவுக்குக் கீழே போட்டிருந்தார்கள். வேறெதுவும் எழுதவில்லை. பச்சை நிற கேட், பக்கத்தில் ஒரு பிள்ளையின் சைக்கிள். நான்காம் நாள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நிறுத்தியிருந்த டீச்சரின் ஸ்கூட்டர் சீட்டை நீளமாகக் கிழித்துவிட்டிருந்தார்கள்.

மாடிப்படித் திருப்பத்தில் டீச்சரைத் தனியாகப் பிடித்தாள் வக்கீல். அழுகைதான் வந்தது. டீச்சர் முதலில் படிக்கட்டின் மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"நீ என்ன சொன்னேன்னு நான் பக்கத்துல நின்னு கேட்டேன்மா. எனக்குத் தெரியும். அது போதும்."

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேன் டீச்சர்."

"சொல்லு. ஆனா என்னோட நின்னு பேசாதே. யாராவது பார்த்தா, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு ஆகும்." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "கிளாஸ்ல யாரும் உன்கிட்ட மூஞ்சி காட்டலையே?"

"இல்லை டீச்சர்."

பொய்தான். வகுப்பில் யாரும் அவளோடு பேசுவதே இல்லை, பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழியைத் தவிர.

அன்று வீட்டில் அம்மா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியில் இருபது மெஷின்காரிகளும் வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். இத்தனை நாளும் அதைப் பற்றி வாயே திறக்காத அம்மா, அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னைப் பார்த்தா உனக்குப் பயமா இருந்துச்சா?"

அதை மட்டும் யாரும் வெட்டி ஒட்டவில்லை. அது அவள் சொன்னதுதான்.

"நீயும் ஒருநாள் அப்படிப் போயிடுவியோன்னு..."

அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டாள். காலரை விரலால் நீவிவிட்டு, மறுபடி அயர்ன் பாக்ஸை எடுத்துத் தேய்த்தாள். "போகலாம்னு தோணின நாள் உண்டு. உனக்கு அப்போ மூணு வயசு. பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டேன்."

"ஏம்மா?"

"ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது."

"அப்புறம் எதுக்குத் திரும்பி வந்தே?"

"பஸ் வரலை" என்றாள் அம்மா. அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தாள். மகள் இஸ்திரி மேசையைச் சுற்றி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சட்டை கருகும் வாசனை வரும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு அம்மா, "அந்தப் புத்தகத்தைக் கொடு, நான் பார்க்கிறேன்" என்றாள். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவள். எழுத்துக்கூட்டிக் கூட்டி, சாப்பாட்டு இடைவேளைகளில் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் சேனல்காரரின் அலுவலகத்துக்குப் போனார்கள். மளிகைக் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு விளக்கு, சுவரில் பச்சைத் துணி. அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆளுக்கொரு கூல் டிரிங்க்ஸ் வரவழைத்தார்.

"முழு வீடியோவையும் போடுங்க சார்" என்றாள் வக்கீல்.

"பதினோரு நிமிஷத்தை யாரும்மா உட்கார்ந்து பார்ப்பாங்க?"

"நான் சொன்னதை மாத்திட்டீங்க."

"ஒரு வார்த்தை சேர்த்தேனா? நீயே சொல்லு. அத்தனையும் உன் வாயால வந்ததுதானே?" கோபமே இல்லாமல், பாடம் சொல்லிக்கொடுப்பவர் மாதிரி கேட்டார். "அப்புறம், அது இப்போ என்கிட்ட இல்லை. கார்டுல இடம் பத்தலைன்னு அழிச்சுட்டோம்."

அப்பா மெதுவாகச் சொன்னார்: "அழிச்ச கார்டு இருந்தாலும் போதுங்க. அழிஞ்சதைப் பெரும்பாலும் எடுத்துடலாம். நம்ம தொழிலே அதுதான்."

சேனல்காரர் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு அப்பாவை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "கடை எங்கே அண்ணே உங்களுக்கு?" என்று கேட்டார். அப்பா சொன்னார். "ஓ, பஸ் ஸ்டாண்ட் எதிர்லயா. தெரியும் தெரியும். நாளைக்குத் தேடிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலையில் அப்பா கடையைத் திறக்கப் போனபோது இரண்டு பூட்டின் துளையிலும் பசையை ஊற்றி இறுக வைத்திருந்தார்கள். சாவி நுனிகூட நுழையவில்லை. வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்து அறுத்தெடுக்க மத்தியானமாகிவிட்டது. ஷட்டரைத் தூக்கியபோது, எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். ஒருவர் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரு பண்ணாங்கன்னே தெரியலையே அண்ணே. அந்த டீச்சர் ஆளுங்களா இருக்கும். உங்க பொண்ணுக்கு ஒரு ஆபத்தும் வராது, நாங்க இருக்கோம்."

"என்ன ஆபத்து?" என்றார் அப்பா.

"வராதுன்னுதானே அண்ணே சொல்றோம்."

அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வந்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எதையும் உடைக்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. பள்ளி விடும் நேரம் என்ன, வக்கீல் எந்த பஸ்ஸில் வருவாள் என்றெல்லாம் அவர்களாகவே பேசிக்கொள்வார்கள். அப்பா சேனல்காரரிடம் கார்டைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. மகள் கேட்டபோது, "விடும்மா" என்றார். அவர் அவளிடம் ஒரு விஷயத்தை விடச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் வாதாடவில்லை.

தான் உண்மையில் சொன்னது என்ன என்று விளக்கி அவளாகவே ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். நாற்பத்துமூன்று பேர் பார்த்தார்கள். கீழே ஒரே ஒரு கருத்து: பாவம், மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள்.

டீச்சரைப் பற்றி விசாரிக்கக் கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமையாசிரியையின் அறையில் நீள மேசை. வக்கீல் ஏழு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தாள். வாக்கெடுப்பிலிருந்து ஆரம்பித்து, எந்த வாக்கியத்துக்குப் பின் எந்த வாக்கியம் சொன்னாள் என்பதுவரை வரிசையாக.

"அதை அங்கே வச்சுட்டு, கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்மா" என்றார் நடுவில் இருந்தவர். "புத்தகம் பிடிக்கலைன்னு சொன்னியா?"

"சொன்னேன். ஆனா—"

"தூக்கம் வரலைன்னு?"

"சொன்னேன். அதுக்கு அடுத்து என்ன சொன்னேன்னா—"

"'அதுதான் எனக்குப் பயம்'னு சொன்னியா? ஆமாவா, இல்லையா?"

"அது டீச்சரைப் பத்தி இல்லை சார்! போனைப் பத்திச் சொன்னேன்."

"சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"சொன்னேன்னு எழுதிக்குங்க" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். அவர் தலைகுனிந்து எழுதினார். "நல்ல பொண்ணு. பயப்படாதே, இனிமே உனக்கு அந்தத் தொல்லை இருக்காது."

மேசை ஓரத்தில் நின்ற தலைமையாசிரியை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சேனல்காரரைப் பள்ளிக்குக் கூப்பிட்டது யார் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் இலக்கிய டீச்சரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கடைசி நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. அலுவலக அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே போய்விட்டார் என்றார்கள். பியூன் ஒரு சாக்குப் பையோடு வந்து அந்த நாவலின் பிரதிகளைச் சேகரித்தார். வக்கீலின் பிரதி மட்டும் ஐந்து நாள் தாமதம். அம்மா கடைசிப் பக்கம்வரை படித்து முடித்துத்தான் கொடுத்தாள். "அந்தப் பொம்பளை மேல எனக்குக் கோபம் வரலை" என்றாள். காய்கறி நறுக்கப் போய்விட்டாள்.

புதிதாக வந்தவர் ஒரு சார். நாற்பது வயது இருக்கும், கனமான உடம்பு, கணீரென்ற குரல். முதல் நாள் பாடப் புத்தகத்தில் உள்ள ஒரு பக்கத்தை வரிவிடாமல் வாசித்தார். மழையைப் பற்றி ஏதோ கட்டுரை. நடுவில் ஒரு வரிக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது, அடக்கிக்கொண்டார். வாசித்து முடித்து நிமிர்ந்தவரின் கண் மூன்றாம் பெஞ்சில் வந்து நின்றது.

"நீதானே அந்தப் பொண்ணு?"

வக்கீல் எழுந்தாள்.

"இந்தப் பாடத்துல... உனக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்காம்மா? இருந்தா இப்பவே சொல்லிடு. நான் மாத்திக்கிறேன்."

கேலி இல்லை. அவர் நெற்றி வேர்த்திருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பது அவளுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தக் கட்டுரை சவசவ என்று இருந்தது. அதைச் சொல்ல அவளிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. நாக்கு நுனிவரை வந்தும்விட்டன.

அப்போதுதான் பக்கத்தில் கீழே பார்த்தாள். தோழி புத்தகப் பையின் வாயில் போனைச் செருகி வைத்திருந்தாள். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் பார்ப்பதைக் கண்டதும் தோழி ஒன்றும் கூச்சப்படவில்லை.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றாள் ரகசியமாக.

சார் காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு சார்" என்றாள் வக்கீல். "ரொம்பப் பிடிச்சிருக்கு."

"சந்தோஷம், சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பக்கத்தைத் திருப்பினார். அவள் உட்கார்ந்தாள். தோழி போனை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து, சாரின் முகம் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தாள்.